நெஸ்ரின் யாருடைய மகள்

ஃபெராயேயின் குரலைத் துருக்கி முழுக்கத் தெரியும். முகத்தை யாருக்கும் தெரியாது. வெளிநாட்டுத் தொடர்களில் வரும் பொன்னிற முடிக்காரிகளில் பாதிப் பேர் அவள் குரலில்தான் பேசினார்கள். அவள் குரலில்தான் கோர்ட்டில் வாதாடினார்கள், கணவனை விட்டுவிட்டு ரயிலேறினார்கள், காணாமல் போன குழந்தையைத் தேடி அழுதார்கள். ஒருமுறை இஸ்தான்புல்லில் டாக்ஸியில் ஏறி, "காடிகோய் போங்க" என்றதும் டிரைவர், "அட, இந்தக் குரல் எனக்குத் தெரியுமே!" என்று கண்ணாடியில் பார்த்தார். பார்த்தவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"தோர்பாலி."

"அது சரி, அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எங்க அம்மா வயித்துல."

அவளுடைய அம்மாவின் முன்னோர்களை எப்போதோ ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இஸ்மிர் பக்கத்துப் பண்ணைகளில் இறக்கியிருந்தார்கள். எந்த ஊர், என்ன மொழி என்பதெல்லாம் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் புகையிலை, பருத்தி, அத்தி. அம்மா முர்வெத் புகையிலைக் கிட்டங்கியில் வேலை பார்த்தவள். அப்பா ருஷ்து ரயில்வேக்காரர், வெயிலில் நின்றால் சிவந்துபோகிற வெள்ளைத் தோல். ஃபெராயே அம்மாவைக் கொண்டு பிறந்தாள். தம்பி இல்கெர் அப்பாவைக் கொண்டு பிறந்தான், பூனைக்கண் உட்பட. அம்மா இறந்து வெகுநாளாகிவிட்டது.

குரலுக்குக் கிடைத்த வேலை முகத்துக்குக் கிடைக்கவில்லை. நடிக்கக் கூப்பிட்டால் சுல்தான் காலத்து அரண்மனையில் தட்டு ஏந்தி நிற்கும் அடிமைப் பெண், இல்லையென்றால் படகில் வந்து இறங்கும் அகதி. அகதி வேடத்துக்கு ஓர் இயக்குநர், "துருக்கிய கொஞ்சம் உடைச்சுப் பேசுங்க" என்றார். அவளுக்குத் துருக்கி மொழியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. எதைக் கொண்டு அதை உடைப்பது?

இப்படி இருந்தபோதுதான் இயக்குநர் அலெவிடமிருந்து அழைப்பு வந்தது. அப்பா இறந்த பிறகு ஐவாலிக்கில் இருக்கும் பழைய வீட்டை விற்பதா வேண்டாமா என்று அம்மாவும் மூன்று பிள்ளைகளும் சண்டை போடுகிற கதை. ஃபெராயே போய் ஒரு காட்சியைப் படித்துக் காட்டினாள். படித்து முடித்ததும் அலெவ் சிகரெட்டை அணைத்துவிட்டு, "நெஸ்ரின் நீங்கதான்" என்றாள்.

"நெஸ்ரின் யாரு? வீட்டு வேலை செய்யறவளா?"

"நடுப் பொண்ணு. அண்ணன், தங்கச்சி, நடுவுல நீங்க."

"கூடப் பொறந்தவளா?"

"கூடப் பொறந்தவ."

"அப்ப என் நிறத்துக்குப் படத்துல என்ன காரணம் சொல்லுவீங்க?"

"ஒரு காரணமும் சொல்லமாட்டேன். அண்ணன் வழுக்கையா இருக்கான், அதுக்குக் காரணம் சொல்றேனா?"

ஃபெராயே படகுத்துறை வரைக்கும் நடந்தே போனாள். படகில் எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் அவளைப் பார்த்ததும் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டார்கள். கறுப்பு ஆளைப் பார்த்தால் பக்கத்திலிருப்பவரைக் கிள்ளி எதையாவது வேண்டிக்கொண்டால் நடக்கும் என்பது அந்த நாட்டு நம்பிக்கை. மற்ற நாளாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். அன்றைக்கு, "நல்லா வேண்டிக்கோங்க, இன்னைக்கு எனக்கு நல்ல நாள்" என்று சொல்லிச் சிரித்தாள். அவர்கள்தான் வெட்கப்பட்டார்கள்.

அப்பாவுக்குப் போன் செய்தாள். ருஷ்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சந்தோஷம்டா கண்ணு. ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? கதையில நீ யாரோட மக?"

"அந்த வீட்டு மகதான்ப்பா."

"அது புரியுது. அந்த அம்மா எதாவது தப்புத் தண்டா பண்ணாங்களா?"

"அப்பா!"

"நான் கேக்கலம்மா. பார்க்கறவன் கேப்பான்ல. சும்மா கேட்டேன்" என்று சொல்லிப் பேச்சை மாற்றி, அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று போனை வைத்துவிட்டார்.

ஐவாலிக்கில் படப்பிடிப்பு நடந்தது. அம்மாவாக நடித்தவர் பெரிஹான். வாழ்நாள் முழுக்க அம்மா வேடம் போட்டு, காய்கறிக் கடைக்குப் போனாலும் ஊரே 'அம்மா' என்று கூப்பிடுகிற நடிகை. சாப்பாட்டு மேசைக் காட்சி ஒன்றை மூன்று முறை எடுத்தும் சரிவராமல், அந்த அம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அலெவ், எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். இந்தப் பொண்ணு எனக்கு எப்படிப் பொறந்தா?"

விளக்குப் பிடித்திருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எதுவும் நெனைக்க வேணாம்மா. மகளைப் பார்க்கற மாதிரி பாருங்க" என்றாள் அலெவ்.

"மகளைப் பார்க்கற மாதிரின்னு ஒரு பார்வை கிடையாது. எனக்கு ரெண்டு பொண்ணு. ரெண்டு பேரையும் ரெண்டு விதமாத்தான் பார்க்கறேன். இவளை எதை வெச்சுப் பார்க்கட்டும்? தப்பு பண்ணினவளாவா? புண்ணியம் பண்ணினவளாவா?" பெரிஹான் ஃபெராயேயின் பக்கம் திரும்பி, "கோவிச்சுக்காதே கண்ணு. உன்னைச் சொல்லல" என்றார்.

ஃபெராயேக்குக் கோபம் வரவேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்த அம்மாள் கேட்டது நடிகை கேட்க வேண்டிய கேள்வி. "உங்க மாமியார் கறுப்புன்னு வெச்சுக்கோங்க" என்றாள். "மாமியார் முகம் உங்க மூணு பிள்ளைங்கள்ல ஒருத்திக்கு மட்டும் வந்திருக்கு. எங்க வீட்டுல அப்படித்தான். நான் அம்மா மாதிரி, தம்பி அப்பா மாதிரி."

பெரிஹானின் முகம் மலர்ந்தது. "மாமியார் முகமா! அப்ப கொஞ்சம் எரிச்சலாவும் பார்க்கலாம்!"

அதற்குப் பிறகு அவர் பார்த்த பார்வையே வேறு. ஃபெராயே ரொட்டியைப் பிய்க்கும்போதெல்லாம், 'அச்சு அசல் அவளேதான்' என்பதுபோல உதட்டைச் சுழித்தார். அந்த மாமியாரின் படம் ஒன்று சுவரில் இருந்தால் எனக்கு வசதி என்று பெரிஹான் கேட்டதால், ஃபெராயே தன் அம்மாவின் புகைப்படத்தைக் கொடுத்தாள். தலையில் வெள்ளைத் துணி கட்டி, கிட்டங்கி வாசலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் முர்வெத். கலை இயக்குநர் அதைப் பெரிதாக்கி, பழுப்பேற்றி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

படத்தைத் தொகுத்து முடித்து, சில பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள். கருத்துக் கேட்டபோதுதான் வினை வந்தது. அந்தப் பெண் வேலைக்காரியா, பின் ஏன் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று ஒருவர் கேட்டார். அம்மாவின் பழைய கள்ளத்தொடர்பு கடைசியில் வெளிப்படும் என்று காத்திருந்தேன், வெளிப்படவேயில்லை, ஏமாற்றம் என்றார் இன்னொருவர். படம் அருமை, ஆனால் நெஸ்ரின் வந்ததிலிருந்து கதையைக் கவனிக்க முடியவில்லை, யார் யாருக்குப் பிறந்தார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன் என்றார் மூன்றாமவர். சுவரில் இருந்த படத்தை ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

தயாரிப்பாளர் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். "சிம்பிள். தத்துப் பிள்ளைன்னு ஒரு வரி வெச்சா முடிஞ்சுது. கண்ணுல தண்ணியும் வரும்."

"காரணம் சொல்லமாட்டேன்னு சொல்லித்தான் எடுத்தேன்" என்றாள் அலெவ்.

"ஜனங்க குழம்பறாங்களே மேடம்!"

ஃபெராயே தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். கல்யாண உடையில் இல்கெர், தோளில் கைபோட்டு அவள். "இது என் தம்பி. ஒரே அம்மா, ஒரே அப்பா. காரணம் சொல்லியே ஆகணும்னா இதைச் சொல்லுங்க. தத்துன்னு சொல்லாதீங்க. நாங்க வெளியிலேர்ந்து வந்து சேர்ந்தவங்க இல்ல."

கதாசிரியர் தோல்கா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தான். "இது எனக்குத் தோணவேயில்லையே" என்றான். அலெவுக்குப் பிடித்துவிட்டது. தயாரிப்பாளருக்கு முழுமனம் இல்லை. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். வீட்டுச் சண்டைக் காட்சியில் நெஸ்ரினின் முதுகுதான் தெரியும், கேமரா அம்மாவின் முகத்தில் இருக்கும். அதனால் அந்த இடத்தில் எந்த வசனத்தை வேண்டுமானாலும் டப்பிங்கில் சேர்க்கலாம். தத்து என்று ஒரு வசனம், கறுப்புப் பாட்டியின் முகம் என்று ஒரு வசனம், இரண்டையும் பேசிப் பதிவு செய்துகொள்வோம், எது நன்றாக இருக்கிறதோ அதை வைப்போம்.

ஃபெராயே ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள். மனிசாவில் மனைவி பெங்குவோடு இருக்கும் இல்கெருக்கு உடனே போன் செய்து, "டேய், உன் மூஞ்சியைக் காட்டித்தான்டா சண்டை போட்டேன்!" என்று நடந்ததைச் சொன்னாள்.

"இல்கெர்? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். அக்கா, நான் இஸ்தான்புல் வர்றேன். நேர்ல பேசணும்."

"பெங்கு எதாவது சொன்னாளா? உடம்பு சரியில்லையா?"

"வந்து சொல்றேன்."

சனிக்கிழமை வந்தான். காடிகோயில் கடலைப் பார்த்த டீக்கடையில் உட்கார்ந்தார்கள். இல்கெர் டைல்ஸ் கடையில் விற்பனை மேலாளர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்லி முடிக்கிறவன். அன்றைக்கு டீயில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"அக்கா, அந்தத் தத்து வசனத்தையே வெக்கச் சொல்லேன்."

"என்னது?"

"சினிமாதானே. எதைச் சொன்னா என்ன?"

"உனக்கு ஏன்டா அதுல அக்கறை?"

அவன் கலக்குவதை நிறுத்தினான். "பெங்கு வீட்டுல நான் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

ஃபெராயேக்கு முதலில் விளங்கவில்லை. எப்படிச் சொல்லி வைத்திருக்கிறான்? எதைப் பற்றி? அவன் இன்னொரு முறை சொன்னான். பெண் கேட்டுப் போன அன்று, ஃபெராயே வேலையால் வரமுடியாத அன்று, அவளைப் பற்றி, எங்கள் வீட்டில் தத்தெடுத்து வளர்த்த அக்கா என்று சொல்லியிருக்கிறான். பெங்குவுக்கும் இன்றுவரை அதுதான் தெரியும்.

"அப்போ அம்மா?"

"அம்மாவைப் பத்தி அவங்க கேக்கல. இறந்துட்டாங்கன்னு சொன்னேன். போட்டோ எதுவும் காட்டல."

கல்யாணத்தன்று பெங்குவின் அம்மா தன்னைக் கட்டிப்பிடித்து, "உங்க அப்பாவுக்கு எவ்வளவு பெரிய மனசு! கடவுள் அவரை நல்லா வெக்கட்டும்" என்று கண் கலங்கியது ஃபெராயேக்கு ஞாபகம் வந்தது. தனியாளாக இரண்டு பிள்ளைகளை வளர்த்ததற்குச் சொல்கிறார் என்று நினைத்து அவளும் கண் கலங்கியிருந்தாள். அந்த அன்பு யாருக்குக் கொடுத்த அன்பு? இவளுக்கா, இல்லாத ஓர் அநாதைக்கா?

"அப்பா பக்கத்துலதானே இருந்தார்?" என்றாள்.

இல்கெர் கடலைப் பார்த்தான். "இருந்தார்."

"நான் உன்னைத் திட்டணும்டா. எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

"திட்டு. ஆனா பெங்குகிட்ட மட்டும் இப்ப சொல்லாதே. நானே சொல்றேன். எப்படின்னு யோசிச்சுச் சொல்றேன்."

"எத்தனை வருஷமா யோசிக்கறே?"

அவள் எழுந்து போய்விட்டாள். பாதி வழியில், டீக்கு அவன்தான் காசு கொடுப்பானா என்று ஓர் எண்ணம் வந்து, இந்த நேரத்தில் இதெல்லாம் ஏன் தோன்றுகிறது என்று தன் மேலேயே எரிச்சலானாள்.

அடுத்த வாரம் தோர்பாலிக்குப் போனாள். ருஷ்து பால்கனியில் உட்கார்ந்து சமையலுக்கு வாங்கிய கூனைப்பூக்களின் முள்ளிதழ்களை உரித்து எலுமிச்சைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்தார்.

"சொல்லிட்டானா?"

"நீங்க சொல்லியிருக்கணும்ப்பா."

"அன்னைக்கு அவங்க எல்லாரும் நல்லாத்தான் பேசிட்டிருந்தாங்க. மாப்பிள்ளைக்கு வழக்கப்படி உப்புப் போட்ட காபி கொடுத்துக் கேலி பண்ணிட்டிருந்தாங்க. வீட்டுல வேற யாருன்னு கேட்டாங்க. இவன் உன் போட்டோவக் காட்டினான். அந்த அம்மா போட்டோவப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, இவனைப் பார்த்தாங்க. ஒண்ணும் கேக்கலம்மா, சத்தியமா. கேக்கறதுக்கு முன்னாடி இவனே சொல்லிட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் வாயில காபி இருந்துச்சு."

"காபி எவ்வளவு நேரம்ப்பா வாயில இருக்கும்?"

ருஷ்து ஈரக் கையை மடியில் துடைத்துக்கொண்டார். "பையன் மூஞ்சியப் பார்த்தேன். கறுப்பா இருந்தாலே அரபும்பாங்கல்ல, ஸ்கூல்ல அவனை 'அரபிச்சி மகன்'னு கூப்பிட்டு அடிச்சாங்களே, அன்னைக்கு வந்து நின்ன மூஞ்சி. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். அப்புறம்னு ஒண்ணு வரவேயில்ல."

"ஸ்கூல்ல என்னையும்தான் கூப்பிட்டாங்க."

"நீ திருப்பி அடிச்சே."

"அதனால நான் தத்துப் பிள்ளையா?"

கத்தவேண்டும் என்றுதான் ரயிலேறி வந்திருந்தாள். கடைசியில் எதிரே உட்கார்ந்து மீதியிருந்த கூனைப்பூக்களை அவளே உரித்துப் போட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்குப் புரியவில்லை.

டப்பிங் நாள் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், அலெவ், தோல்கா. திரையில் சண்டைக் காட்சி. அண்ணன், "உனக்கு இந்த வீட்டுல என்ன உரிமை இருக்கு?" என்று கத்துகிறான். நெஸ்ரினின் முதுகு. பெரிஹானின் முகம். அதற்குப் பின்னால், சுவரில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு முர்வெத்.

ஃபெராயேக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த வசனத்தை வைத்தாலும் அம்மாவின் முகம் படத்தில் இருக்கிறது. இல்கெருக்கு அது தெரியாது.

"முதல்ல பாட்டி வசனம்" என்றாள் அலெவ்.

"அப்பாவோட அம்மா மூஞ்சி எனக்கு வந்திருக்கு. உனக்கு வரல. அவ்வளவுதான் நமக்குள்ள வித்தியாசம்" என்று ஃபெராயே பேசினாள். சரியாக வந்தது. மிகச் சரியாக, ஆனால் கொஞ்சம் பாடம் நடத்துவதுபோல.

"இப்ப தத்து வசனம்."

இதை வேண்டுமென்றே கெடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். தட்டையாகப் பேசினால் போதும், தூக்கிப் போட்டுவிடுவார்கள். வாயைத் திறந்ததும் அது நடக்கவில்லை. "என்னை இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்ப எனக்கு மூணு வயசு. யாரோட பொண்ணுன்னு இதுவரைக்கும் நான் ஒருத்தரையும் கேட்டதில்ல. இன்னைக்குக் கேக்கறேன். நான் யாரோட பொண்ணு?" என்று சொல்லி முடித்தபோது அவளுக்கே கண்ணீர் வந்தது. ஒலிப்பதிவாளர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"எவ்வளவு உண்மையா இருக்கு" என்றான் தோல்கா.

அவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். உண்மையைச் சொன்னபோது பாடம்போல இருந்தது, பொய்யைச் சொன்னபோது அழுகை வந்தது. அப்படியென்றால் எதை அவள் உள்ளே நம்புகிறாள்? போனை எடுத்து, 'அம்மா போட்டோ படத்துல இருக்கு, முன்னாடியே பெங்குகிட்ட சொல்லிடு' என்று இல்கெருக்கு எழுதினாள். அனுப்பாமல் அழித்தாள். மறுபடி எழுதினாள். மறுபடி அழித்தாள். அவனே சொல்கிறேன் என்றானே, சொல்லட்டும். சொல்லாவிட்டால்? அப்போதும் அவன் பாடு. இல்லை, பெங்குவின் பாடல்லவா? உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், எழுந்து போனாள்.

படம் முதலில் இஸ்மிரில் திரையிடப்பட்டது. ருஷ்து கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். இல்கெர் பெங்குவோடு வந்தான். பெங்கு தொடக்கப்பள்ளி ஆசிரியை, கணீரென்று பேசுகிறவள், "அக்கா, என் கிளாஸ் பசங்ககிட்ட எல்லாம் பெருமை அடிச்சுட்டு வந்திருக்கேன்" என்று ஃபெராயேயைக் கட்டிக்கொண்டாள். ஃபெராயே அவள் தோளுக்கு மேலாக இல்கெரைப் பார்த்தாள். அவன் தலையை லேசாக ஆட்டினான். இல்லை, இன்னும் சொல்லவில்லை.

"எந்த வசனம் மேடம் வெச்சீங்க?" என்று ஃபெராயே அலெவிடம் கிசுகிசுத்தாள்.

"பாரேன்."

சண்டைக் காட்சி வந்தது. உனக்கு என்ன உரிமை என்று அண்ணன் கத்தினான். நெஸ்ரின் பேசவில்லை. இரண்டு வசனமும் இல்லை. பெரிஹான் மட்டும் மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். அவர் பார்த்த இடத்துக்குக் கேமராவும் போனது. திரை முழுக்க முர்வெத் நின்றாள். காட்சி நெடுநேரம் அப்படியே நின்றது.

அந்த அமைதியில் ஒரு விசும்பல் கேட்டது. ஃபெராயே திரும்பவில்லை. யார் என்று அவளுக்குத் தெரியும்.

படம் முடிந்து படக்குழுவை மேடையில் ஏற்றினார்கள். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, பன்முகத்தன்மையை இவ்வளவு துணிச்சலாகக் காட்டிய படத்துக்கு நன்றி என்று தொடங்கி, "நீங்க இந்தப் படத்துல யாரைப் பிரதிநிதித்துவப்படுத்தறதா நெனைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நான் நெஸ்ரினா நடிச்சேன்."

"நெஸ்ரின் யாரைப் பிரதிநிதித்துவப்படுத்தறா?"

"அதுதான் எனக்கு இன்னும் புரியல" என்றாள் ஃபெராயே. எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வெளிக் கூடத்தில் பெங்கு நின்றிருந்தாள். பக்கத்தில் இல்கெர், கண் சிவந்து.

"அக்கா, அந்தச் சுவர்ல இருந்த அம்மா யாரு? அது வந்ததும் இவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். கேட்டா ஒண்ணும் இல்லைங்கறார்."

ஃபெராயே வாயைத் திறந்தாள். இத்தனை பேருக்காகப் பேசிய குரல் அந்த நேரம் பார்த்து எங்கோ போய்விட்டது. அவள் பின்னாலிருந்து ருஷ்துதான் பேசினார்.

"என் பொண்டாட்டிம்மா. முர்வெத். இந்த ரெண்டு பேரோட அம்மா."

பெங்கு அவரைப் பார்த்தாள், ஃபெராயேயைப் பார்த்தாள், கடைசியாகத் தன் கணவனைப் பார்த்தாள். யாரும் எதிர்பார்த்ததுபோல அவள் அதிர்ச்சி அடையவில்லை. முதலில் அவள் முகத்தில் இருந்தது வெறும் குழப்பம். தப்பாகப் போன கணக்கைத் திருத்துகிற ஆசிரியையின் முகம்.

"ரெண்டு பேரோட அம்மாவா?"

"ஆமா" என்றான் இல்கெர்.

"ஒவ்வொரு பெருநாளுக்கு முதல் நாளும் எங்க அப்பா கல்லறைக்கு என்கூட வந்து நின்னீங்களே. உங்க அம்மா கல்லறைக்குப் போகலாம்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்? தூரம்னீங்க. ரோடு சரியில்லன்னீங்க. தோர்பாலிக்கு ரோடு சரியில்லையா?"

"பெங்கு, நான்..."

"நான் என்ன பண்ணியிருப்பேன்னு நெனைச்சீங்க? ஓடிப் போயிருப்பேன்னா?" பிறகு அவள் ஃபெராயேயின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் தெரியுமா?"

"இப்பதான் கொஞ்ச நாளாத் தெரியும்."

"கொஞ்ச நாளா தெரியும். இப்ப உள்ள வர்றப்ப உங்களைக் கட்டிப்பிடிச்சேனே, அப்பவும் தெரியும்."

தெரியும் என்று ஃபெராயே சொன்னாள். பெங்கு கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இல்கெர் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றான். ருஷ்து, "போடா" என்றார். போனான்.

இதில் யார் யாருக்குத் துரோகம் செய்தது? ஃபெராயே இஸ்தான்புல்லுக்குத் திரும்புகிற வழியெல்லாம் இதையே யோசித்தாள். பாதிக்கப்பட்டவள் தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பெங்கு பார்த்த பார்வையில், வாயில் காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் வரிசையில் தானும் சேர்ந்துவிட்டது தெரிந்தது.

பெங்கு சில வாரம் தன் அம்மா வீட்டில் இருந்தாள். அந்த நாட்களில் ஒருநாள் பெங்குவின் அம்மா ஃபெராயேக்குப் போன் செய்தார்.

"நாங்க வேணாம்னு சொல்லியிருக்கமாட்டோம்மா. அவன் உண்மையச் சொல்லியிருந்தா பொண்ணு கொடுத்திருப்போம். நீயே சொல்லு, நாங்க அப்படிப்பட்டவங்களா?"

"இல்லம்மா" என்றாள் ஃபெராயே.

அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. கேட்ட குரலில் இருந்த பதற்றத்தைப் பார்த்தால், அந்த அம்மாளுக்கும் தெரியாது என்றுதான் பட்டது.

படம் சுமாராக ஓடியது. நல்ல பெயர் கிடைத்தது. ஃபெராயேக்கு மூன்று வாய்ப்புகள் வந்தன. மூன்றும் குடும்பப் படங்கள், மூன்றிலும் அவள் தத்துப் பிள்ளை. ஒன்றில் மட்டும் கதை அழகாக இருந்தது. அதை ஒப்புக்கொள்வதா என்று அலெவிடம் கேட்டபோது, "எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள். "தத்துப் பிள்ளைங்களும் உலகத்துல இருக்காங்கதானே." ஃபெராயே, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதிவிட்டு டப்பிங்குக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

பெங்கு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள் என்று அப்பா சொல்லித்தான் தெரிந்தது. பெருநாளுக்கு முதல் நாள் அவளும் இல்கெரும் தோர்பாலிக்கு வந்து கல்லறையைக் கழுவி, வழக்கப்படி மிர்ட்டில் என்னும் மணமுள்ள செடியின் கொப்புகள் வைத்துவிட்டுப் போனார்களாம். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை என்றும் அப்பா சொன்னார். ஆனால் போகும்போது ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபெராயே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பெங்கு கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மழையைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேசினார்கள்.

"உங்க மேல இன்னும் கோவம் இருக்கு" என்றாள் பெங்கு.

"சரி."

"எவ்வளவு கோவப்படறதுன்னுதான் தெரியல. யார்மேல முதல்லன்னும் தெரியல."

"எனக்கும் அதேதான்."

பெங்கு மூச்சை இழுத்துவிட்டாள். "என் மாமியார் எப்படிப்பட்டவங்க? இவர்கிட்ட கேட்டா அழ ஆரம்பிச்சிடறார். கோவக்காரங்களா?"

ஃபெராயே ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடியே யோசித்தாள்.

"சாப்பாட்டை வாயில வெச்சுப் பார்க்காம உப்பைக் கேட்டா, தட்டையே எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றாள். "யாரா இருந்தாலும் சரி. ஒருதடவை ஸ்டேஷன் மாஸ்டர் சாப்பிட வந்திருந்தார்..."

"எடுத்துட்டாங்களா?"

"இரு, சொல்றேன்" என்று சட்டையைக் கூடையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.